விடை இருக்கிறது, வழி எங்கே? – ஆராய்ச்சி உலகின் ரகசியங்கள் தெரியுமா?

1610-இல் கலீலியோ ஒரு புதுக் கண்டுபிடிப்பைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். என்ன எழுதினார் தெரியுமா? தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் 37 எழுத்துகள்! எப்படிக் கூட்டிப் படித்தாலும் ஒரு சொல் தேறாது. தொலைநோக்கியில் சனிக்கிரகத்தைப் பார்த்தவர், அதன் இரு பக்கமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுவிட்டார். வெளியே சொன்னால் யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் இன்னொருவர் முந்திக்கொள்வார். என்ன செய்வது? லத்தீனில் ஒரு வாக்கியம் எழுதி, எழுத்துகளை எல்லாம் கலைத்துப் போட்டு அனுப்பிவிட்டார்!

பிராக் நகரில் இருந்த வானியலாளர் கெப்ளர் விடுவாரா? மண்டையை உடைத்துக்கொண்டு எழுத்துகளை அடுக்கிப் பார்த்தார். 'செவ்வாய்க்கு இரண்டு நிலாக்கள்' என்று ஒரு விடையும் கண்டுபிடித்தார். தப்பு! கலீலியோ சொன்னது சனியைப் பற்றி. ஆனால் கூத்தைக் கேளுங்கள்: 1877-இல் செவ்வாய்க்கு நிஜமாகவே இரண்டு நிலாக்கள் இருப்பது தெரியவந்தது! சனியில் மூன்று உருண்டைகள் இருப்பதாகக் கலீலியோ நினைத்தாரே, அதுதான் கடைசியில் வளையமாகிப் போனது!

இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் மட்டும் சளைத்தவரா? ஸ்பிரிங் பற்றிய தன் புகழ்பெற்ற விதியை 1676-இல் 14 எழுத்துப் புதிராக அச்சிட்டார். விடையைச் சொல்ல இரண்டு வருடம் எடுத்துக்கொண்டார்! இவர் வேலை பார்த்த லண்டன் ராயல் சொசைட்டியின் கொள்கை வாசகம் என்ன தெரியுமா? 'யார் சொல்லையும் அப்படியே நம்பிவிடாதே'! (நம் வள்ளுவர் இதை எப்போதோ சொல்லிவிட்டார் என்பது வேறு கதை.)

அதெல்லாம் அந்தக் காலம், இப்போது விஞ்ஞானிகள் எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இருங்கள், இருங்கள்!

441-இல் ஒன்று!

கணக்குப் பரீட்சையில் விடை மட்டும் எழுதினால் என்ன நடக்கும்? 'வழி எங்கே?' என்று வாத்தியார் சிவப்பு மையில் சுழிப்பார். மார்க் போச்சு! ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் அதே விதி வேண்டாமா?

2000 முதல் 2014 வரை வெளியான மருத்துவ, உயிரியல் கட்டுரைகளில் 441-ஐக் குலுக்கல் முறையில் எடுத்துச் சோதித்தார்கள். செய்முறையை முழுசாகக் கொடுத்த கட்டுரை எத்தனை தெரியுமா? ஒன்று! ஒன்றே ஒன்று! அளந்த எண்களை எல்லாம் அப்படியே எடுத்துப் பார்க்கும்படி வைத்தவை? பூஜ்யம்!

சமூக அறிவியலில் 250 கட்டுரைகளை எடுத்து இதே சோதனை. 2014 முதல் 2017 வரை வந்தவை. தரவைப் பற்றிச் சோதிக்கும்படி இருந்தவை 156. அவற்றில் மூலத் தரவு கிடைத்தது 11-இல். கணக்குப் போட்ட கணினி நிரல் கிடைத்தது 2-இல். 'இதைத்தான் சோதிக்கப் போகிறோம்' என்று முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்தவை? மறுபடியும் பூஜ்யம்!

மனதைப் படிக்கும் உளவியல்காரர்களாவது? அங்கேயும் 250 கட்டுரைகள், அதே வருடங்கள். சோதிக்க முடிந்த 188-இல் தரவு கிடைத்தது வெறும் 4!

இ-மெயில் அனுப்பினால் தருவார்களாமே?

பல கட்டுரைகளின் கடைசியில் ஒரு வரி இருக்கும். 'தரவு வேண்டுவோர் ஆசிரியரைத் தொடர்புகொண்டால் தரப்படும்.' ஆகா, எவ்வளவு பெரிய மனசு!

சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று குரோஷிய ஆய்வாளர்கள் கிளம்பினார்கள். 2019 ஜனவரியில் வந்த கட்டுரைகளில், கேட்டால் தருவோம் என்ற பொருளில் எழுதியிருந்த 1,792-ஐப் பொறுக்கி எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இ-மெயில் போட்டார்கள். எத்தனை பேர் பதிலாவது போட்டார்கள் தெரியுமா? 254! எத்தனை பேர் கேட்ட தரவைக் கொடுத்தார்கள்? 122! அதாவது நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. 'ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க' என்று சொல்லிவிட்டு, விலாசம் தராமல் பஸ் ஏறிவிடுவார்களே, அந்த அழைப்பு மாதிரிதான்!

இன்னொரு கூத்து 2006-இல் வெளியானது. ஒரு டச்சு உளவியல் குழு 141 கட்டுரைகளின் தரவைக் கேட்டது. அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் 'கேட்டால் தருவோம்' என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்தவர்கள். குழுவினர் 6 மாதத்தில் அனுப்பிய இ-மெயில்கள் 400-க்கும் மேல்! 73 சதவீதத்தினர் கடைசி வரை கொடுக்கவே இல்லை!

கொடுப்பவர்களுக்கு மனசு வந்தாலும் பொருள் இருக்க வேண்டுமே? 2 வருடம் முதல் 22 வருடம் வரை பழசான 516 கட்டுரைகளின் தரவைத் தேடிய ஒரு குழு 2014-இல் கணக்கைச் சொன்னது. ஒரு கட்டுரைக்கு ஒரு வயது கூடும்போதெல்லாம் அதன் தரவு பிழைத்திருக்கும் வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் சரிகிறதாம்! பழைய ஃபிளாப்பியில் இருக்கிறது, படிக்க இயந்திரம் இல்லை என்று கைவிரித்தவர்களும் உண்டு. மக்கள் வரிப்பணத்தில் சேர்த்த எண்கள் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன!

'உப்பு – தேவையான அளவு'

சமையல் குறிப்பில் 'தேவையான அளவு' என்று போட்டுவிட்டால் புதுசாகச் சமைப்பவர் என்ன செய்வார்? புற்றுநோய் ஆராய்ச்சியிலும் இதே தொல்லை! 53 முக்கியமான புற்றுநோய்க் கட்டுரைகளில் இருந்து 193 சோதனைகளை எடுத்து, மறுபடி செய்து பார்க்கலாம் என்று 2013-இல் ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. கட்டுரையை மட்டும் படித்து, யாரையும் கேட்காமல், அப்படியே செய்துவிடக்கூடிய சோதனைகள் எத்தனை இருந்தன தெரியுமா? 193-இல் ஒன்றுகூட இல்லை!

சரி, எழுதியவர்களையே கேட்போம் என்றால் மூன்றில் ஒரு பங்கினர் உதவவில்லை, அல்லது பதிலே போடவில்லை. எட்டு வருடம் ஓடியது. கடைசியில் செய்து முடிக்க முடிந்தது 23 கட்டுரைகளின் 50 சோதனைகள் மட்டும்! முதல் கட்டுரையில் மருந்தோ மரபணுவோ காட்டிய விளைவு, திரும்பச் செய்தபோது எவ்வளவு சுருங்கியது என்கிறீர்கள்? நடுமதிப்பை எடுத்தால் 85 சதவீதம்! ஆனை என்றார்கள், வந்தது ஆட்டுக்குட்டி.

இதற்கு முன்பே ஆம்ஜென் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் தலையில் கை வைத்திருந்தது. மைல்கல் என்று கொண்டாடப்பட்ட 53 ஆய்வுகளை அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் திரும்பச் செய்து பார்த்தார்கள். உறுதியானவை? வெறும் 6!

உளவியலில் 270 பேர் சேர்ந்து 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்த கதை 2015-இல் உலகச் செய்தியானது. முதலில் 97 சதவீதம் 'ஆமாம், விளைவு இருக்கிறது' என்றவை. இரண்டாம் முறை அப்படிச் சொன்னவை 36 சதவீதம்!

பாட்டைக் கேட்டால் வயசு குறையுமா?

குறையும்! ஆராய்ச்சியில் நிரூபித்தே விட்டார்கள்! 2011-இல் அமெரிக்காவில் மூன்று பேர் கல்லூரி மாணவர்களை உட்கார வைத்து பீட்டில்ஸின் 'வென் ஐயம் சிக்ஸ்டி ஃபோர்' பாட்டைப் போட்டார்கள். வேறு பாட்டு கேட்டவர்களைவிட இவர்கள் கிட்டத்தட்ட ஒன்றரை வயது இளையவர்களாகிவிட்டார்கள்! மனதளவில் இல்லை, பிறந்த தேதிப்படி! புள்ளியியல் சோதனையிலும் பாஸ்!

எப்படி? ரகசியம் இதுதான். பலவற்றை அளந்து, நமக்குச் சாதகமாக வந்ததை மட்டும் எழுதினால் போதும். அப்பாவின் வயதைக் கணக்கில் நுழைத்தார்கள், வேண்டாததை மறைத்தார்கள். ஏமாற்றுவதற்காக அல்ல, எவ்வளவு சுலபமாக ஏமாறலாம் என்று காட்டுவதற்காகவே செய்தார்கள். யூரி சைமன்சோன், ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன். இந்த மூன்று பெயர்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வருவார்கள்!

செத்த மீன் யோசித்தது!

மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேன் கருவிக்குள் 2009 வாக்கில் ஒரு சால்மன் மீனைப் படுக்க வைத்தார்கள். மனிதர்களின் படங்களைக் காட்டி, 'இவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்?' என்று அதனிடம் கேட்டார்கள். மீனின் மூளையில் ஓரிடம் பளிச்சென்று ஒளிர்ந்தது! இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? மீன் செத்துப்போன மீன்!

மூளையை ஆயிரக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால், சும்மா தற்செயலாகவே ஒன்றிரண்டு ஒளிரும். அதற்கான திருத்தத்தைப் போட்டதும் மீன் மறுபடி செத்தது! 2012-இல் இந்த மீனுக்கு, அதாவது அதை ஆராய்ந்தவர்களுக்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது!

மேட்ச் முடிந்த பிறகு ஜோசியம்

டீக்கடையில் ஒருவர் இருப்பார். மேட்ச் முடிந்ததும் 'நான்தான் அப்பவே சொன்னேனே!' என்பார். சொன்னாரா? யாருக்குத் தெரியும்! அவர் வாயை அடைக்க ஒரே வழி, மேட்ச்சுக்கு முன்னாலேயே சீட்டில் எழுதி வாங்கிக் கடைக்காரரிடம் கொடுத்து வைப்பது. ஆராய்ச்சியில் இதற்குப் பெயர் முன்பதிவு.

சீட்டு எழுதி வாங்கினால் என்ன ஆகும் தெரியுமா? அமெரிக்க அரசின் இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனம் பணம் கொடுத்த பெரிய இதய மருத்துவச் சோதனைகளைக் கணக்கெடுத்தார்கள். 2000-க்கு முன் வெளியான 30-இல் 17 'சிகிச்சை பலன் தருகிறது' என்றன. அதாவது 57 சதவீதம். 2000-இல் முன்பதிவு நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு வந்த 25-இல் பலன் சொன்னவை எத்தனை? இரண்டு! 8 சதவீதம்! மருந்துகள் திடீரென்று மக்கர் செய்தனவா, அல்லது சீட்டு பேசியதா?

உளவியலில் இதையும் தாண்டி ஒரு ஏற்பாடு உண்டு. சோதனை செய்வதற்கு முன்பே திட்டத்தை மட்டும் படித்து, 'முடிவு எப்படி வந்தாலும் அச்சிடுகிறோம்' என்று ஆய்விதழ் வாக்குக் கொடுத்துவிடும்! வழக்கமான கட்டுரைகளில் 96 சதவீதம் 'நாங்கள் நினைத்ததே சரி' என்கின்றன. இந்த ஏற்பாட்டில் வந்தவற்றில் அப்படிச் சொன்னவை 44 சதவீதம்தான்! எனக்கென்னவோ இந்த 44-தான் நேர்மையான பரீட்சை ரிசல்ட் மாதிரி தெரிகிறது. வகுப்பில் 96 பேர் சென்டம் என்றால் கேள்வித்தாள் மேல்தானே சந்தேகம் வரும்?

பெட்டிக்குள் போன 22

மனச்சோர்வுக்கான 12 மருந்துகள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான சோதனைகள் 74. அமைப்பின் கணக்குப்படி வெற்றி 38, தோல்வி அல்லது சந்தேகம் 36. ஏறக்குறைய பாதிக்குப் பாதி!

இப்போது ஆய்விதழ்களைப் புரட்டுங்கள். வெற்றி பெற்ற 38-இல் 37 அச்சேறிவிட்டன. மீதி 36-க்கு என்ன ஆச்சு? 22 வெளியே வரவே இல்லை. 11 'வெற்றி' மாதிரி அலங்காரம் செய்துகொண்டு வந்தன. தோற்றதைத் தோற்றது என்றே ஒப்புக்கொண்டவை மூன்றே மூன்று! இதழ்களை மட்டும் படித்த டாக்டருக்கு 94 சதவீதம் வெற்றி போலத் தெரிந்திருக்கும். 2008-இல் இந்தக் கணக்கு வெளியானபோது மருத்துவ உலகம் ஆடிப்போனது.

நம் நாட்டிலும் மருந்துச் சோதனைகளுக்கு முன்பதிவு கட்டாயம் என்பது தெரியுமா? இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007-இல் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் கட்டாயமானது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். காசு கிடையாது, சிபாரிசும் வேண்டாம்!

ஒரு டாக்டரின் கேள்வி, 1,60,000 பக்கம் பதில்!

பறவைக் காய்ச்சல், பன்றிக் காய்ச்சல் பயத்தில் உலக நாடுகள் டாமிஃபுளு மாத்திரையை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கின. பிரிட்டன் மட்டும் 40 கோடி பவுண்டுக்கும் மேல் கொட்டியது! அப்போது ஜப்பானில் கெய்ஜி ஹயாஷி என்ற குழந்தை மருத்துவர் 2009-இல் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். 'சிக்கல்களைக் குறைக்கும் என்கிறீர்களே, நீங்கள் நம்பியிருக்கும் கட்டுரை 10 சோதனைகளைச் சேர்த்து எழுதியது. அதில் 2-தானே இதழ்களில் வந்திருக்கிறது. மீதி 8 எங்கே?'

அட, ஆமாம்! மருத்துவச் சான்றுகளை அலசும் காக்ரேன் குழுவுக்கு அப்போதுதான் உறைத்தது. மருந்து நிறுவனத்திடம் முழு அறிக்கைகளைக் கேட்டார்கள். கேட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாலு வருடம் இழுபறி! கடைசியில் 2013-இல் கிடைத்தன. படிக்க வேண்டியிருந்தது 1,60,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள்! 2014-இல் வந்த முடிவு என்ன தெரியுமா? பெரியவர்களுக்குக் காய்ச்சல் தொல்லை 7 நாளில் இருந்து 6.3 நாளாகக் குறைகிறது. ஆஸ்பத்திரியில் சேருவது குறைகிறது என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை. அரை நாள் சொச்சத்துக்கு 40 கோடி பவுண்டு!

எக்ஸெல் செய்த கலாட்டா

நம் உடம்பில் 'செப்ட் 2' என்று ஒரு மரபணு இருந்தது. 'மார்ச் 1' என்றும் ஒன்று இருந்தது. எக்ஸெல்லில் தட்டினால் என்ன ஆகும்? செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாக மாறிவிடும்! சிரிக்காதீர்கள். 2016-இல் மரபணுப் பட்டியலை எக்ஸெல்லில் இணைத்திருந்த 3,597 கட்டுரைகளைச் சோதித்தபோது 704-இல் இந்தப் பிழை! ஐந்தில் ஒன்று!

இதற்கு எப்படித் தீர்வு கண்டார்கள் தெரியுமா? எக்ஸெல்லை மாற்றவில்லை. மரபணுக்களின் பெயரை மாற்றினார்கள்! ஓராண்டுக்குள் 27 மனித மரபணுக்களுக்குப் புதுப் பெயர் சூட்டப்பட்டது 2020-இல் செய்தியானது. எக்ஸெல்லில் இந்த மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதி வந்தது 2023-இல்! கோடிக்கணக்கான வருடம் பழசான மரபணு, மென்பொருளுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

அதே எக்ஸெல் உலகப் பொருளாதாரத்திலும் கை வைத்தது. ஒரு நாட்டின் கடன் அதன் பொருளாதாரத்தில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் ஆகிவிடும் என்று 2010-இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பெரும் பொருளாதார அறிஞர்கள் எழுதினார்கள். அமைச்சர்கள் எல்லாம் இதைக் காட்டிச் செலவை வெட்டினார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். வரவில்லை! மறுபடி போட்டார். வரவில்லை! அந்த அறிஞர்களிடமே எக்ஸெல் கோப்பைக் கேட்டார். பாராட்ட வேண்டும், கொடுத்தார்கள். திறந்து பார்த்தால், 20 நாடுகளுக்குச் சராசரி எடுக்க வேண்டிய இடத்தில் 15 வரிசைகளைத்தான் இழுத்துவிட்டிருந்தார்கள்! ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் கோட்டுக்கு வெளியே! இதையும் வேறு சில விடுபடல்களையும் சரிசெய்ததும், மைனஸ் 0.1 எங்கே போனது? பிளஸ் 2.2!

மனக்கணக்கில் மாட்டிய கட்டுரைகள்

20 பேரிடம் 1 முதல் 7 வரை முழு எண்ணில் மதிப்பெண் போடச் சொல்கிறோம். சராசரி 3.47 என்று கட்டுரையில் இருக்கிறது. ஏதாவது இடிக்கிறதா? மொத்தம் 69 என்றால் சராசரி 3.45. மொத்தம் 70 என்றால் 3.50. நடுவில் 3.47 வரவே முடியாது! அவ்வளவுதான் சோதனை. ஐந்தாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான்! நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற இருவர் இப்படிச் சோதிக்கத் தோதாக இருந்த 71 உளவியல் கட்டுரைகளைப் பிடித்தார்கள். ஏறக்குறைய பாதியில் குறைந்தது ஒரு 'வரவே முடியாத' எண்!

இன்னும் கேளுங்கள். எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர் 20,621 கட்டுரைகளின் படங்களை வெறும் கண்ணால் பார்த்துத் தள்ளினார். ஒரே படத்தை வெட்டி, திருப்பி, வேறு சோதனை என்று ஒட்டிய மாதிரியான சந்தேகப் படங்கள் 782 கட்டுரைகளில்! 'ஆறு வித்தியாசம் கண்டுபிடி' போட்டியை உலகத்திலேயே அதிகம் ஆடியவர் இவராகத்தான் இருப்பார். இவருக்கு வேண்டியது வித்தியாசம் இல்லை, ஒற்றுமை!

நேர்மையைப் பற்றிய ஆய்வில்…

இதை நம்பவே மாட்டீர்கள்! படிவத்தின் அடியில் போடும் கையெழுத்தை மேலேயே போடச் சொன்னால் மக்கள் உண்மை பேசுவார்கள் என்று 2012-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை வந்தது. கார் இன்ஷூரன்ஸ் எடுத்த 13,488 பேரின் படிவங்கள் ஆதாரம். 2020-இல் அதே ஆசிரியர்கள், திரும்பச் செய்து பார்த்தால் பலிக்கவில்லை என்று எழுதி, பழைய தரவையும் பொதுவில் வைத்தார்கள்.

யார் வந்து எட்டிப் பார்த்தது தெரியுமா? பாட்டால் வயசைக் குறைத்த அதே மூவர்! பெயர் சொல்ல விரும்பாத சில ஆய்வாளர்கள் கொடுத்த துப்போடு 2021-இல் கோப்பைப் பிரித்தார்கள். கார்கள் ஓடிய தூரம் பூஜ்யம் முதல் 50,000 மைல் வரை ஒரே சீராகப் பரவிக் கிடந்தது. நிஜத்தில் அப்படியா ஓட்டுவோம்? பெரும்பாலோர் நடுத்தரமாக ஓட்டுவார்கள், 50,000-ஐத் தொடுபவர் அபூர்வம். அதைவிட வேடிக்கை, பாதி எண்கள் கேலிப்ரி எழுத்துருவில், பாதி கேம்ப்ரியா எழுத்துருவில்! ஒரு பாதியை நகலெடுத்து, கொஞ்சம் கூட்டி, இன்னொரு பாதி 'தயார்' செய்யப்பட்டிருந்தது! நேர்மையைப் பற்றிய கட்டுரை போலித் தரவுக்காகத் திரும்பப் பெறப்பட்டது!

எட்டு வருடம் பூட்டிக் கிடந்தவரை எழுத்துரு யார் கண்ணிலும் படவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

13 நாள் ஆயுள்

2020 மே 22. கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸி குளோரோகுயின் கொடுத்தால் ஆபத்து என்று லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள்! உலக சுகாதார நிறுவனமே தன் சோதனையை நிறுத்தி வைத்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் சிலர் எண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். ஏப்ரல் 21 வரை அந்த நாட்டில் கொரோனாவால் இறந்தவர்கள் 67 பேர். கட்டுரையில் ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் இறந்தவர்கள் 73! இறந்தவர்களைவிட இறந்தவர்கள் அதிகம்! மூலத் தரவைக் காட்டு என்றார்கள். தரவைச் சேர்த்த நிறுவனம் காட்டவில்லை. ஜூன் 4-இல் கட்டுரை வாபஸ்!

ஒரே தரவு, 29 விடை

கறுப்பு நிற வீரர்களுக்குக் கால்பந்து நடுவர்கள் அதிகமாகச் சிவப்பு அட்டை காட்டுகிறார்களா? 29 குழுக்களுக்கு அட்சரம் பிசகாமல் ஒரே தரவைக் கொடுத்தார்கள். 20 குழுக்கள் 'ஆமாம்' என்றன. 9 குழுக்கள் 'அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது' என்றன! யாரும் ஏமாற்றவில்லை, ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் கணக்கைப் போட்டார்கள். மூளை ஸ்கேன் தரவை 70 குழுக்களிடம் கொடுத்தபோது, இரண்டு குழுக்கள்கூட ஒரே வழியில் போகவில்லை!

ஸ்டிக்கருக்கு மயங்கிய பேராசிரியர்கள்

ஆராய்ச்சியாளர்களைத் தரவைக் காட்ட வைக்க என்ன செய்யலாம்? சட்டமா? அபராதமா? ஒரு ஆய்விதழ் 2014-இல் ஸ்டிக்கர் கொடுத்தது! ஆமாம், தரவைத் திறந்து வைத்தால் கட்டுரையின் தலையில் ஒரு சின்ன வண்ணச் சின்னம். எல்.கே.ஜி. குழந்தைக்கு நோட்டில் நட்சத்திரம் ஒட்டுவது போல! அதற்கு முன் அந்த இதழில் தரவு திறந்திருப்பதாகச் சொன்னவை 3 சதவீதம்கூட இல்லை. ஒன்றரை வருடத்தில் எவ்வளவு ஆனது தெரியுமா? 39 சதவீதம்!

24 மணி நேரக் கெடு!

இத்தனை நேரம் மறைத்தவர்கள் கதை. திறந்தவர்கள் கதையும் குறைந்ததல்ல! 1996-இல் பெர்முடா தீவில் கூடிய மரபணு விஞ்ஞானிகள் ஒரு முடிவெடுத்தார்கள். மனித மரபணுவில் படித்ததை 24 மணி நேரத்துக்குள் உலகத்துக்கே இலவசமாகப் போட்டுவிட வேண்டும்! காலையில் படித்தது மறுநாள் காலை பொதுச்சொத்து!

கொரோனா வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரி 11 வாக்கில் இணையத்தில் திறந்து வைக்கப்பட்டது. 13-ஆம் தேதிக்குள் மாடர்னா நிறுவனம் தடுப்பூசிக்கான வரிசையை முடிவு செய்துவிட்டது! மார்ச் 16-இல் முதல் மனிதருக்கு ஊசி! 'கேட்டால் தரப்படும்' என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தால்?

இயற்பியல்காரர்கள் இன்னும் முன்னோடிகள். பால் கின்ஸ்பார்க் 1991 ஆகஸ்டில் தொடங்கிய 'ஆர்க்கைவ்' தளத்தில் இன்று 20 லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள், அத்தனையும் இலவசம்! இணையம் ஆமை வேகத்தில் ஊர்ந்த நாட்களில் அதன் இந்தியப் பிரதி எங்கே இருந்தது தெரியுமா? சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில்!

மற்ற இதழ்களுக்கு? 2024 நவம்பரில் மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய்! 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள்! நல்ல செய்திதான். ஆனால் இது சந்தாவே தவிர கதவு திறந்ததாக அர்த்தம் இல்லை. வரி கட்டும் நீங்களும் நானும் வீட்டில் இருந்து படிக்க முடியாது!

பூனை எழுதிய இயற்பியல்!

நடுவே ஒரு இளைப்பாறல். 1975-இல் ஜாக் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கட்டுரையை டைப் அடித்து முடித்துவிட்டார். தனியாக எழுதியவர், கட்டுரை முழுக்க 'நாங்கள்' என்று போட்டிருந்தார். இதழ் ஏற்காது என்றார் ஒரு நண்பர். முழுவதையும் மறுபடி டைப் அடிப்பதா? தன் சயாமியப் பூனையைக் கூட்டாசிரியராகச் சேர்த்துவிட்டார்! எஃப்.டி.சி. வில்லர்ட் என்று கம்பீரமான பெயர். கட்டுரையும் வெளிவந்தது! பிரதிகளில் பூனை கால்தடம் பதித்துக் கையெழுத்தும் போட்டது!

கடைசியாக ஒன்று, இதுதான் உச்சம்!

முன்பதிவு, பெரிய மாதிரி, வெளிப்படைத்தன்மை எல்லாம் கடைப்பிடித்தால் ஆய்வுகள் அமோகமாகத் திரும்பப் பலிக்கும் என்று 2023 நவம்பரில் ஒரு கட்டுரை வந்தது. நாலு ஆய்வகங்கள், 16 புதுக் கண்டுபிடிப்புகள், 86 சதவீத வெற்றி! எழுதியவர்களில் ஒருவர் பிரையன் நோசெக். 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்ய வைத்தாரே, திறந்த அறிவியலுக்கென்றே 2013-இல் ஒரு மையம் தொடங்கினாரே, அவரேதான்!

2024 செப்டம்பரில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது! காரணம் தெரியுமா? எல்லாம் முன்பதிவு செய்யப்பட்டவை என்று எழுதியிருந்தார்கள். தலைப்பில் சொன்ன முக்கியமான கணக்குக்கு முன்பதிவே இல்லை!

அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்கிறீர்களா? திட்டம், கோப்பு, தேதி, எல்லாவற்றையும் அந்தக் குழுவே பொதுவில் திறந்து வைத்திருந்தது! போய்ப் படித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்!